மனை வாங்குமுன் பட்டாவும் வில்லங்கமும் சேர்த்துப் பார்க்க: பிரவுசர் டேப் பழகும் வழி

பாளையங்கோட்டைப் பக்கம் ஒரு மனை விலைக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். பட்டா ஒரு அரசுத் தளத்தில் இருக்கிறது. வில்லங்கச் சான்றும் (அந்த நிலத்தின் மேல் பதிவான பத்திரங்களின் பட்டியல்) வழிகாட்டி மதிப்பும் (பதிவுக்காக அரசு வைத்திருக்கும் நில மதிப்பு) பதிவுத்துறைத் தளத்தில் இருக்கின்றன. ஒன்றைப் பார்த்து மூடிவிட்டு அடுத்ததற்குப் போனால் புல எண்ணோ உட்பிரிவு எண்ணோ மறந்துபோகும், திரும்ப முதலிலிருந்து தேட வேண்டும். இரண்டையும் திறந்தே வைத்து எண்ணுக்கு எண் சரிபார்ப்பதுதான் நல்லது. ஒரே பிரவுசர் விண்டோவில் பல பக்கங்களைத் திறந்து வைக்க உதவும் டேப் அதற்குத்தான் இருக்கிறது. இந்த ஒரு வேலையை வைத்தே பழகிவிடலாம்.

கணினியில் குரோம் பிரவுசரைத் திறந்துகொள்ளுங்கள். மேலே ஒரு பட்டை தெரியும், அதில் இப்போது ஒரே ஒரு டேப் இருக்கும். பக்கத்தில் உள்ள கூட்டல் குறியை அழுத்தினால் இன்னொன்று திறக்கும். கன்ட்ரோல் கீயைப் பிடித்துக்கொண்டு டி எழுத்தைத் தட்டினாலும் அதேதான். எட்ஜ், ஃபயர்பாக்ஸ் இரண்டிலும் இது மாறாது. இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரில் டேப் வந்ததே 2006இல், ஏழாம் பதிப்பில்தான். அதற்கு முன் அதில் பழகியவர்கள் இன்றும் ஒவ்வொரு பக்கத்துக்கும் தனி விண்டோ திறப்பதைப் பார்க்கிறேன். அந்தப் பழக்கத்தை விட்டுவிடுங்கள். எது எங்கே என்று தேடியே நேரம் போய்விடும்.

முதல் டேப்பில் பட்டா தளத்தைத் திறந்து மாவட்டம், வட்டம், கிராமம் தேர்ந்தெடுங்கள். 2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டமாகிவிட்டது. ஆலங்குளம், சங்கரன்கோவில் பக்கத்து நிலமென்றால் பட்டியலில் திருநெல்வேலியைத் தேடிப் பயனில்லை, தென்காசிக்குப் போக வேண்டும். இரண்டாம் டேப்பில் பதிவுத்துறைத் தளம். அது நிலத்தை வேறு கணக்கில் கேட்கும்: எந்த மண்டலம், எந்தச் சார்பதிவாளர் அலுவலகம் என்று. வருவாய்த்துறைக்கு ஒரு பிரிவு, பதிவுத்துறைக்கு ஒரு பிரிவு என்பதால்தான் இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கச் சொல்கிறேன்.

டேப் விட்டு டேப் தாவ, கன்ட்ரோலைப் பிடித்தபடி விசைப்பலகையின் இடது ஓரத்தில் உள்ள டேப் கீயைத் தட்டுங்கள். கன்ட்ரோலுடன் 1 என்றால் முதல் டேப், 2 என்றால் இரண்டாவது, இப்படி 8 வரை போகலாம். 9 மட்டும் எத்தனை டேப் இருந்தாலும் கடைசியானதற்குக் கொண்டுபோகும்.

இன்னும் வசதியாக வேண்டுமா? இரண்டாம் டேப்பை மவுஸால் பிடித்துக் கீழே இழுத்து விடுங்கள், தனி விண்டோவாகிவிடும். விண்டோஸ் கணினியில் விண்டோஸ் கீயுடன் இடது அம்புக்குறியைத் தட்டினால் அது திரையின் இடது பாதியில் போய் நிற்கும். மற்றதை வலது பாதியில் நிறுத்துங்கள். இப்போது பட்டாவில் உள்ள பெயரும் புல எண்ணும் பரப்பும் ஒரு பக்கம், வில்லங்கத்தில் எழுதிக் கொடுத்தவர், வாங்கியவர் பெயர்கள் மறுபக்கம். கண்ணை மட்டும் நகர்த்தினால் போதும். வேலை முடிந்ததும் விண்டோவைப் பழைய பட்டைக்கே இழுத்து ஒட்டிவிடலாம்.

படிவம் நிரப்பும்போது மட்டும் ஒரு விதி. நிரப்புகிற டேப்பில் வேறு எந்த இணைப்பையும் சும்மா கிளிக் செய்யாதீர்கள். அந்தப் பக்கம் போய்விடும், திரும்பி வந்தால் நீங்கள் தட்டியது இருக்கும் என்று நம்ப முடியாது. விதிமுறையோ உதவிப் பக்கமோ பார்க்க வேண்டுமென்றால் கன்ட்ரோலைப் பிடித்துக்கொண்டு கிளிக் செய்யுங்கள், அல்லது மவுஸ் உருளையால் அந்த இணைப்பை அழுத்துங்கள். அது பக்கத்து டேப்பில் திறக்கும், படிவம் இருந்த இடத்திலேயே இருக்கும். லாகின் செய்யும் தளங்களை மட்டும் ஒரே டேப்பில் வைத்துக்கொள்ளுங்கள். அதே கணக்கை இரண்டு டேப்பில் திறந்தால் வெளியே தள்ளிவிடும் தளங்கள் உண்டு.

தெரியாமல் ஒரு டேப்பை மூடிவிட்டால் பதற வேண்டாம். கன்ட்ரோல், ஷிப்ட், டி மூன்றையும் சேர்த்து அழுத்தினால் கடைசியாக மூடியது திரும்பி வரும். மறுபடி அழுத்தினால் அதற்கு முன் மூடியதும் வரும்.

டேப் பெருகினால் மேலே உள்ள தலைப்பே தெரியாது. குரோமில் கன்ட்ரோல், ஷிப்ட், ஏ அழுத்தினால் திறந்திருக்கும் டேப்களைப் பெயரால் தேடலாம். டேப்பின் மேல் வலது கிளிக் செய்து புதிய குழுவில் சேர்த்து, "மனை" என்று பெயரிட்டு நிறமும் கொடுக்கலாம். குழுவின் பெயரைத் தட்டினால் மொத்தமும் சுருங்கிக்கொள்ளும். எனக்குக் கேட்டால், வேலை முடிந்த டேப்பைக் கன்ட்ரோல் டபிள்யூ போட்டு அப்போதே மூடுவதுதான் மேல். ஒவ்வொரு டேப்பும் நினைவகத்தைத் தின்னும், பழைய கணினியென்றால் நகரவே நகராது.

ஆண்ட்ராய்டு செல்போனின் குரோமில் முகவரிப் பட்டைக்குப் பக்கத்துச் சதுரத்தில் உள்ள எண்தான் டேப்களின் எண்ணிக்கை. தொட்டால் எல்லாம் தெரியும். இணைப்பை அழுத்திப் பிடித்தால் புதிய டேப்பில் திறக்கும் வழி வரும்.

திருநெல்வேலி ஜங்ஷனிலோ வண்ணார்பேட்டையிலோ பிரவுசிங் சென்டரில் இருந்து பார்ப்பவர்கள் இதைக் கட்டாயம் கவனியுங்கள். "டேப்பை மூடிட்டேன்லா, பெறகென்ன?" என்று எழுந்து போகிறவர்கள் நிறையப் பேர். டேப்பை மூடுவதால் கணக்கிலிருந்து வெளியேறிவிட மாட்டீர்கள். மேலே சொன்ன அதே மூன்று கீயை அடுத்து வந்து உட்காருபவர் அழுத்தினால், உங்கள் கணக்கே அவர் முன்னால் திறக்கக்கூடும். முதலில் தளத்திலேயே லாகவுட் கொடுங்கள், அப்புறம் டேப்பை மூடுங்கள். தொடங்கும்போதே கன்ட்ரோல், ஷிப்ட், என் அழுத்திக் குரோமின் மறைநிலை விண்டோவில் (மூடியதும் பார்த்த பக்கங்களையும் லாகினையும் மறந்துவிடும் விண்டோ) வேலை செய்வது இன்னும் நல்லது. ஆனால் அப்படி எத்தனை விண்டோ திறந்தீர்களோ அத்தனையையும் மூட வேண்டும். ஒன்று மிச்சமிருந்தாலும் லாகின் அதில் உயிரோடு இருக்கும். இறக்கிய பட்டாவும் வில்லங்கமும் மறைநிலையை மூடினாலும் அந்தக் கணினியின் டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் அப்படியே கிடக்கும். அவற்றைப் பென்டிரைவுக்கு மாற்றிக்கொண்டு அங்கிருந்து அழித்துவிடுங்கள், ரீசைக்கிள் பின்னையும் காலி செய்துவிட்டு எழுந்திருங்கள்.