வெர்மான்ட் மண் சாலையில் சேற்றுக் காலம்

அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலக் கிராமங்களில் மார்ச், ஏப்ரலில் மண் சாலை வழியே கார் ஓட்ட வேண்டியிருந்தால், விடியற்காலையிலேயே கிளம்பிவிடுங்கள். இரவுக் குளிரில் சேறு இறுகிக் கிடக்கும். வெயில் ஏறியதும் குழைந்துவிடும். குளிர்காலத்தில் உறைந்த மண் மேலிருந்து இளகத் தொடங்குகிறது. சற்று ஆழத்தில் இன்னும் உறைந்தே இருப்பதால், உருகிய நீர் கீழே இறங்க வழியில்லாமல் மேல்மண்ணைக் கூழாக்கிவிடுகிறது.

சேற்றில் இறங்கிவிட்டால் மெதுவாக, ஒரே சீராக ஓட்டுங்கள். நடுவில் நிறுத்தவே வேண்டாம். சக்கரம் வெறுமனே சுழன்றால் உடனே ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுங்கள். அழுத்த அழுத்த வண்டி புதையும். சுழலும் சக்கரத்துக்கு முன்னால் மண்ணை வழித்துவிட்டு, பலகையோ சரளையோ போட்டு நகர்த்துங்கள்.

மலைப்பாதை நடையை மே மாதக் கடைசி வரை தயவுசெய்து தள்ளிப்போடுங்கள். சேற்றுக்குப் பயந்து ஓரமாக ஒதுங்கி நடந்தால், அப்போதுதான் துளிர்க்கும் செடிகள் நசுங்கிவிடும்.