சொந்த இணையதளம்: சிறு தொழில் செய்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

"இன்ஸ்டாகிராமில் பக்கம் இருக்கிறது, வாட்ஸ்அப்பில் ஆர்டர் வருகிறது, தனியாக இணையதளம் எதற்கு?" சிறு தொழில் செய்பவர்கள் பலரும் கேட்கும் கேள்வி இது. 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் மூன்றும் உலகம் முழுக்க ஏறத்தாழ ஆறு மணி நேரம் முடங்கின. மூன்றும் ஒரே நிறுவனத்தின் கையில் இருப்பதால் ஒன்று போனதும் மற்ற இரண்டும் சேர்ந்தே போயின. இவற்றை மட்டுமே நம்பியிருந்தவர்களுக்கு ஆர்டர் வாங்கவும் வழியில்லை, "கடை திறந்துதான் இருக்கிறது" என்று சொல்லவும் வழியில்லை. ஆறு மணி நேரம்தானே என்று விட்டுவிடலாம். கணக்கே முடக்கப்பட்டால், வருடக்கணக்கில் சேர்த்த பின்தொடர்பவர்களை வேறெங்கும் கொண்டுபோக முடியாது.

இலவச முகவரிகளுக்கும் இதே கதிதான். கூகுள் தேடலிலும் மேப்பிலும் கடை விவரம் காட்டும் கூகுள் பிசினஸ் புரொஃபைலோடு இலவசமாகக் கொடுத்துவந்த இணையதளங்களை கூகுள் 2024 மார்ச்சில் மூடிவிட்டது. அந்த முகவரியை விசிட்டிங் கார்டிலும் பெயர்ப்பலகையிலும் அச்சடித்தவர்கள் எல்லாவற்றையும் மாற்ற வேண்டியதாயிற்று. சமூக ஊடகத்தை விட்டுவிடச் சொல்லவில்லை. ஆட்கள் உங்களை முதலில் பார்க்கும் இடம் அதுவாக இருக்கட்டும். அவர்கள் வந்து சேரும் முகவரி மட்டும் உங்களுடையதாக இருக்க வேண்டும்.

டொமைன் யார் பெயரில் இருக்கிறது?

தளம் செய்து கொடுப்பவரே டொமைனையும், அதாவது உங்கள் தளத்தின் இணைய முகவரிப் பெயரையும், தன் கணக்கில் வாங்கிவிடுவது அடிக்கடி நடக்கிறது. சொந்தக் காசில் நிலம் வாங்கிப் பத்திரத்தை மேஸ்திரி பெயரில் எழுதுவது போன்றது இது. நாளைக்கு அவர் தொழிலை விட்டாலோ, தொடர்பு அறுந்தாலோ, பணத் தகராறு வந்தாலோ உங்கள் தொழிலின் பெயரே அவர் கையில். காசு கொடுத்த ரசீது உங்களிடம் இருந்தாலும், பதிவில் உரிமையாளர் என்று யார் பெயர் இருக்கிறதோ அவர் சொல்வதைத்தான் டொமைனைப் பதிந்து தரும் பதிவு நிறுவனம் கேட்கும்.

அதனால் பதிவு நிறுவனத்தில் கணக்கை நீங்களே தொடங்குங்கள். உரிமையாளர் பெயர், மின்னஞ்சல், தொலைபேசி எண் மூன்றும் உங்களுடையதாக இருக்கட்டும். இரட்டைச் சரிபார்ப்பை, அதாவது பாஸ்வேர்டோடு இன்னொரு சரிபார்ப்பையும் கேட்கும் வசதியை, இயக்கி வையுங்கள். தளம் செய்பவருக்குத் தேவைப்படும் அனுமதியை மட்டும் தனியாகக் கொடுக்கலாம். ஏற்கெனவே வேறொருவர் கணக்கில் இருந்தால், உறவு நன்றாக இருக்கும்போதே கேட்டு வாங்கிவிடுங்கள். அவர் டொமைனின் பூட்டைத் திறந்து, மாற்றுவதற்கான ரகசியக் குறியீட்டைத் தந்தால் போதும். புதிதாகப் பதிந்தது என்றால் 60 நாள் கழித்துத்தான் வேறு நிறுவனத்துக்கு மாற்ற முடியும். அதே நிறுவனத்துக்குள் உங்கள் கணக்குக்கு மாற்றிக்கொள்ள பெரும்பாலும் இந்தக் காத்திருப்பு இல்லை.

இதில் கவனிக்காமல் போகும் நுணுக்கம் ஒன்று உண்டு. பதிவுக் கணக்குக்கு உங்கள் சொந்த டொமைனில் உள்ள மின்னஞ்சலையே கொடுக்காதீர்கள். டொமைன் காலாவதியானால் அந்த மின்னஞ்சலும் நின்றுவிடும். பிறகு பாஸ்வேர்ட் மாற்றும் கடிதம்கூட உங்களுக்கு வராது.

காலாவதி என்றால் உடனே பறிபோய்விடுவதில்லை. டாட் காம் போன்ற பெயர்களுக்கு முதலில் பதிவு நிறுவனம் தரும் சலுகைக் காலம் உண்டு. இது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும், அதிகபட்சம் 45 நாள். அடுத்து 30 நாள் மீட்புக் காலம். அப்போது வழக்கமான கட்டணத்தோடு தனியாக ஒரு பெரிய கட்டணமும் கேட்பார்கள். அதன் பிறகு 5 நாளில் பெயர் நீக்கப்பட்டு, யார் வேண்டுமானாலும் வாங்கலாம் என்றாகிவிடும். தானியங்கிப் புதுப்பித்தலை இயக்கியிருந்தும் டொமைன் போவதற்கு வழக்கமான காரணம், கணக்கில் பதிந்த வங்கி அட்டை காலாவதியாகி இருப்பது. ஒரே தடவையில் 10 ஆண்டு வரை பதியலாம். தொழில் நிலைத்துவிட்டது என்றால் குறைந்தது 3 ஆண்டுக்காவது கட்டிவிடுங்கள்.

முகப்பில் எழுதுவது

"வாடிக்கையாளர் திருப்தியே எங்கள் லட்சியம்" என்ற வரியால் யாருக்கும் எதுவும் தெரியப்போவதில்லை. வருபவருக்குத் தெரிய வேண்டியது என்ன செய்கிறீர்கள், எங்கே, எப்போது, எப்படித் தொடர்புகொள்வது என்பதுதான். "வாஷிங் மெஷின், ஃபிரிட்ஜ் பழுதுபார்ப்பு. வீட்டுக்கே வந்து சரிசெய்வோம். காலை 9 முதல் இரவு 7 வரை" என்று எழுதி, பக்கத்திலேயே எந்தெந்தப் பகுதிகளுக்கு வருவீர்கள் என்றும் போட்டுவிட்டால் பாதி கேள்விகள் அங்கேயே தீர்ந்துவிடும். கட்டணத்தைத் துல்லியமாகச் சொல்ல முடியாவிட்டாலும், எதை வைத்துக் கணக்கிடுகிறீர்கள் என்றாவது சொல்லுங்கள்.

அச்சடித்த நோட்டீஸை அப்படியே படமாகப் போட்டு வேலையை முடிப்பவர்கள் உண்டு. ஃபோனில் அதை விரல்களால் பெரிதாக்கி, இழுத்து இழுத்துத்தான் படிக்க வேண்டும். அதிலுள்ள எண்ணைத் தட்டினால் அழைப்பும் போகாது. தேடுபொறிக்கும் அது பெரும்பாலும் வெறும் படம்தான். பார்வையற்றோர் பயன்படுத்தும் வாசிப்பு மென்பொருளாலும் அதை ஒழுங்காகப் படிக்க முடியாது. எல்லாவற்றையும் எழுத்தாகவே தட்டச்சு செய்யுங்கள்.

படங்களின் எடை

ஃபோனில் எடுத்த படம் ஒன்று 3 முதல் 5 மெகாபைட் வரை இருக்கும். அப்படி 10 படத்தை நேரடியாக ஏற்றினால் பக்கம் 40 மெகாபைட்டைத் தொடும். அகலத்தை 1600 பிக்சலுக்குக் குறைத்து, வெப்பி (WebP) என்ற பட வடிவத்தில் சேமித்தால் பெரும்பாலான படங்கள் 200 கிலோபைட்டுக்குள் அடங்கிவிடும், கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. பக்கத்தின் முக்கியமான பகுதி 2.5 விநாடிக்குள் தெரிய வேண்டும் என்பது கூகுளின் அளவுகோல். இதைச் சோதிக்க உங்கள் அலுவலக வைஃபையை நம்பாதீர்கள். மொபைல் டேட்டாவில், பிரவுசரின் தனிப்பட்ட சாளரத்தில் (இன்காக்னிட்டோ) திறந்து பாருங்கள். ஏற்கெனவே பலமுறை திறந்த ஃபோன், பழைய கோப்புகளைச் சேமித்து வைத்திருப்பதால் எப்போதும் வேகமாகத்தான் காட்டும்.

விசாரணைப் படிவம் வேலை செய்கிறதா?

என்னைக் கேட்டால் அதிக நஷ்டம் தருவது இதுதான், ஏனென்றால் நஷ்டம் ஆனதே தெரியாது. வாடிக்கையாளர் படிவத்தை நிரப்புகிறார், "நன்றி, விரைவில் தொடர்புகொள்வோம்" என்று திரையில் வருகிறது, மின்னஞ்சல் மட்டும் உங்களுக்கு வருவதில்லை. பல படிவங்கள் வாடிக்கையாளரின் முகவரியையே அனுப்புநராகப் போட்டு உங்கள் சர்வரிலிருந்து அனுப்புகின்றன. அது போலிக் கடிதம்போலத் தோன்றுவதால் ஸ்பாமுக்குப் போகிறது அல்லது திரும்பிவிடுகிறது. 2024 பிப்ரவரி முதல் ஜிமெயிலும் யாஹூவும் அனுப்புநர் சரிபார்ப்பை மேலும் இறுக்கிவிட்டன.

அனுப்புநர் இடத்தில் உங்கள் டொமைன் முகவரியும், பதில் அனுப்பும் முகவரியாக வாடிக்கையாளருடையதும் இருக்க வேண்டும். கடிதம் உண்மையிலேயே உங்கள் டொமைனிலிருந்துதான் வருகிறது என்று காட்டும் எஸ்பிஎஃப் (SPF), டிகேஐஎம் (DKIM) பதிவுகளை டொமைன் அமைப்பில் சேர்க்கத் தளம் செய்பவரிடம் சொல்லுங்கள். ஒவ்வொரு விசாரணையும் தளத்துக்குள்ளேயும் சேமிக்கப்படட்டும். மாதம் ஒரு தடவை நீங்களே வேறொரு முகவரியிலிருந்து நிரப்பி அனுப்பிப் பாருங்கள்.

கூகுளில் காணவில்லை என்றால்

வேர்ட்பிரஸ் என்ற தளம் அமைக்கும் மென்பொருளில் செய்த தளம் என்றால், அமைப்புகளில் வாசிப்புப் பகுதிக்குப் போய்ப் பாருங்கள். தேடுபொறிகள் வர வேண்டாம் என்று சொல்லும் ஒரு டிக், தளம் தயாராகும்வரை போட்டுவைத்தது, அப்படியே மறந்து கிடக்கும். பழைய தளத்தைப் புதுப்பிக்கும்போது பக்க முகவரிகள் மாறினால், பழையது ஒவ்வொன்றையும் புதியதற்கு நிரந்தரமாகத் திருப்பிவிட வேண்டும். தளம் செய்பவர்கள் இதை 301 என்பார்கள். இதைச் செய்யாவிட்டால் தேடலில் கிடைத்த இடம் கைநழுவும்.

தளத்தில் கூடுதல் வசதிக்காகச் சேர்க்கும் பிளக்இன்களைப் புதுப்பிக்காமல் விடுவதும் ஆபத்து, தளங்கள் ஹேக் ஆவது பெரும்பாலும் அந்த வழியாகத்தான். பேக்கப் இருக்கிறது என்பவர்கள் அது எங்கே இருக்கிறது என்றும் பார்க்க வேண்டும். தளத்தின் கோப்புகள் இருக்கும் அதே ஹோஸ்டிங் கணக்குக்குள் இருந்தால், கணக்கு முடங்கும் நாளில் பேக்கப்பும் கிடைக்காது. மாதம் ஒரு நகலை உங்கள் கணினிக்கு இறக்கி வையுங்கள். கோப்புகளோடு, எழுதியவை சேமிக்கப்படும் டேட்டாபேஸும் அதில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் படங்கள் திரும்பி வரும், எழுதியது எதுவும் வராது.