வெளிநாட்டு இலக்கிய விழாவில் வாசிக்கப் போகிறீர்களா?

வெளிநாட்டு இலக்கிய விழாவுக்கோ பரிசளிப்புக்கோ அழைப்பு வந்தால், உடைக்கும் உரைக்கும் முன்பாக வாசிக்கப்போகும் பகுதியைத் தயார் செய்யுங்கள். மேடையில் சில நிமிடங்கள்தான் கிடைக்கும். நாவலின் தொடக்கத்தைவிட, முன்கதை தெரியாதவருக்கும் பிடிபடும் ஒரு காட்சியே நல்லது. வாய்விட்டுப் படித்து நேரம் பாருங்கள். தாளின் ஒரு பக்கத்தில் மட்டும் பெரிய எழுத்தில் அச்சிட்டு, மூச்சு வாங்க வேண்டிய இடங்களில் பென்சிலால் கோடு போடுங்கள். மேடை வெளிச்சத்தில் புத்தகத்தின் பொடி எழுத்து கண்ணுக்குப் பிடிபடாது. கைப்பேசித் திரையோ பாதியில் அணைந்துவிடும்.

மூலத்தில் நீங்கள் ஒரு பத்தி, மீதியை மொழிபெயர்ப்பில் அவர் என்று மொழிபெயர்ப்பாளருடன் முன்பே பேசிக்கொள்ளுங்கள். ஆங்கிலத்தில் மொழிபெயர்க்கப்பட்ட நூலுக்குத் தரப்படும் சர்வதேச புக்கர் பரிசு 2016 முதல் 50,000 பவுண்டை எழுத்தாளருக்கும் மொழிபெயர்ப்பாளருக்கும் சரிபாதியாகத் தருகிறது. மேடையையும் அப்படித்தான் பகிர வேண்டும் என்பேன். ஆனால் மூலமொழியின் ஓசையை மட்டும் விட்டுவிடாதீர்கள். அதைக் கேட்கவே காத்திருப்பவர்கள் அரங்கில் இருப்பார்கள்.

சன்மானம் உண்டென்றால், உங்கள் விசா அதைப் பெற அனுமதிக்கிறதா, வரி பிடிப்பார்களா என்பதை அழைப்பு வந்தவுடனேயே அமைப்பாளர்களிடம் எழுத்தில் கேட்டு வாங்கிவிடுங்கள்.