கருமருந்துக்கு முன்னால் ஒரு ஏர் ரைஃபிள்

குழலின் வாய்வழியே கருமருந்து கெட்டித்துச் சுடும் நாட்டுத் துப்பாக்கியை வீட்டுப் பிள்ளைகளுக்குப் பழக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. இராமநாதபுரம் இராமலிங்க விலாசத்தில் பழைய ஆயுதங்களைப் பார்த்ததிலிருந்து அக்கா மகளுக்கும் அதே பேச்சுதான். ஆனால் நாட்டுத் துப்பாக்கியானாலும் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் வேண்டும், 21 வயது நிரம்பியிருக்க வேண்டும். மலிவாகச் செய்து தருகிறேன் என்று யாராவது வந்தால் வாங்கவே வாங்காதீர்கள். வழக்கு ஒருபக்கம், குழல் வெடித்தால் கையே போய்விடும்.

அதனால் முதலில் ஸ்பிரிங் ஏர் ரைஃபிள் வாங்குங்கள். 4.5 மில்லிமீட்டர் குழல், 20 ஜூலுக்குள் ஆற்றல் என்றால் 2016 ஆயுத விதிகளின்படி உரிமம் தேவையில்லை. பெரியவர் ஒருவர் பெயரில், அடையாள நகல் கொடுத்து, ரசீதோடு வாங்குங்கள். சில ஆயிரம் ரூபாயில் நல்லதாகவே கிடைக்கும்.

ஏன் ஸ்பிரிங்? ட்ரிகரை அழுத்தியபின் ஸ்பிரிங் தள்ளிப் பிஸ்டன் ஓடி, காற்று அழுந்தி, அப்புறம்தான் குண்டு கிளம்பும். அந்த இமைப்பொழுதில் உடம்பு அசைந்தால் குறி தப்பும். கருமருந்துத் துப்பாக்கியிலும் இதே கதைதான். நெருப்பு மருந்தைப் பிடிக்கும்வரை குறியை விடக்கூடாது. இரண்டிலும் ஒரு முறைக்கு ஒரு குண்டுதான் என்பதால் பொறுமை தானாக வரும்.

கடையில் குழலை மடக்கிப் பூட்டி, பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள்; ஆட்டம் இருந்தால் வேண்டாம். குழல் பூட்டும் இடத்தின் மேல் மெல்லிய காகிதத் துணுக்கு ஒன்றை வைத்து, பெல்லட் (சின்ன ஈயக் குண்டு) போட்டுச் சுட்டுக் காட்டச் சொல்லுங்கள். காகிதம் பறந்தால் காற்று கசிகிறது. பிள்ளை தோளில் வைத்துத் தாங்குமா என்றும் பாருங்கள். கனம் அதிகமென்றால் இரண்டாம் நாளே பரணுக்குப் போய்விடும். டெலஸ்கோப்புக்குச் செலவழிக்காமல் அந்தப் பணத்தில் இரண்டு மூன்று வகை பெல்லட் வாங்குங்கள். எது ஒரே இடத்தில் விழுகிறதோ அதுதான் உங்கள் ரைஃபிளுக்கு.

எங்கள் கடற்கரை ஊரான மண்டபம் பக்கம் உப்புக்காற்றுதான் பெரிய எதிரி. துடைக்காமல் வைத்தால் குழல் துருப்பிடிக்கும். சுட்டு முடித்ததும் எண்ணெய் தொட்ட பருத்தித் துணியால் வெளிப்புறம் முழுக்கத் துடையுங்கள். உறைக்குள் போட்டு மூடாதீர்கள், ஈரம் உள்ளேயே நிற்கும். காற்றறைக்குள் சாதாரண எண்ணெய் விட்டால் அழுத்தத்தில் பற்றிக்கொண்டு சீல் கெடும்.

இலக்கு 10 மீட்டரில் போதும். பின்னால் மணல் மூட்டை, அதற்கும் பின்னால் சுவர் இருக்கட்டும். பெல்லட் சில நூறு மீட்டர் பறக்கும், கடற்கரையில் வலை பிரிப்பவர்கள் இருப்பார்கள். கச்சான் காற்று பலமாக அடிக்கும் நாளில் பழகாதீர்கள், கண்ணில் மணல்தான் விழும். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம். பெல்லட் போடும்போது மடக்கிய குழலை ஒரு கையால் பிடித்தே இருக்க வேண்டும், விட்டால் விரல் நசுங்கும். பெல்லட் ஈயம் என்பதால் கை கழுவாமல் சாப்பிடக் கூடாது.

பறவைகள் பக்கம் குழலே திரும்பக் கூடாது. சித்திரங்குடி பறவைகள் சரணாலயத்துக்கும் தனுஷ்கோடிக்கும் எவ்வளவோ தூரத்திலிருந்து வருகின்றன. இந்த விதியை மீறுகிற பிள்ளைக்கு ரைஃபிள் கிடையாது என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள்.