நீதிமன்றத்தில் பொய்ப் பெயரும் பொய்ப் பிரமாணமும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிரமாணப் பத்திரம் முடியும் இடத்தில், மேலே கண்ட சங்கதிகள் யாவும் என் அறிவுக்கும் நம்பிக்கைக்கும் எட்டியவரை உண்மை என்ற பொருளில் ஒரு வரி இருக்கும். குமாஸ்தா பக்கங்களைப் புரட்டி, பென்சிலால் குறியிட்ட இடங்களைக் காட்டக் காட்டக் கையெழுத்துப் போட்டுக்கொண்டே போகும் கட்சிக்காரர்கள் பலர் அந்த வரியைப் படிப்பதில்லை. ஆனால் வழக்கு திசை மாறும்போது நீதிமன்றம் முதலில் பார்ப்பது அந்த வரியையும் அதன் கீழுள்ள கையெழுத்தையும்தான். வாசகத்தை எழுதியவர் வழக்கறிஞராக இருக்கலாம். சத்தியம் செய்தவர் கட்சிக்காரர். "வக்கீல் எழுதினார், நான் கையெழுத்துப் போட்டேன்" என்ற பதில் குறுக்கு விசாரணையில் ஒருவரைத் தானாகக் காப்பாற்றிவிடாது.

இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 227-ஆம் பிரிவு பொய்ச் சாட்சியம் என்றால் என்ன என்று சொல்கிறது. 229-ஆம் பிரிவு அதற்குத் தண்டனை விதிக்கிறது. நீதிமன்ற நடவடிக்கையில் வேண்டுமென்றே பொய்ச் சாட்சியம் அளித்தால் ஏழு ஆண்டுகள் வரை சிறையும் 10,000 ரூபாய் வரை அபராதமும் உண்டு. இங்கே பலர் கவனிக்கத் தவறும் நுட்பம் ஒன்று இருக்கிறது. நடக்காததை நடந்ததாகச் சொல்வது மட்டும் பொய்ச் சாட்சியம் அல்ல. தனக்குத் தெரியாத ஒன்றைத் தெரியும் என்று சொல்வதும், நம்பாத ஒன்றை நம்புவதாகச் சொல்வதும் அதில் அடங்கும். அடுத்த வீட்டுக்காரர் சொல்லக் கேட்டதை "நான் நேரில் பார்த்தேன்" என்று எழுதுபவர், சம்பவம் உண்மையாகவே நடந்திருந்தாலும் இந்தப் பிரிவுக்குள் வந்து விழுகிறார். கேட்டதைக் கேட்டதாகவே எழுதச் சொல்லுங்கள். வழக்கு சற்றுப் பலவீனமாகத் தோன்றினாலும் பரவாயில்லை.

பெயர் விஷயத்தில் நேரும் தவறு வேறு வகையானது. அண்ணனுக்குப் பதில் தம்பி கூண்டில் ஏறி அண்ணன் பெயரையே சொல்வது, இன்னொருவர் அடையாள அட்டையைக் காட்டி ஜாமீன்தாரராக நிற்பது, வெளியூரில் இருப்பவர் பெயரில் ஒப்புதல் வாக்குமூலம் கொடுப்பது போன்றவை குடும்பத்துக்குள் செய்யும் சின்ன உதவியாக நினைத்துச் செய்யப்படுகின்றன. ஒரு வழக்கில் இன்னொருவராக நடித்து வாக்குமூலம் கொடுப்பதையும், ஒப்புதல் அளிப்பதையும், ஜாமீன் நிற்பதையும் அதே சன்ஹிதாவின் 242-ஆம் பிரிவு பெயர் சொல்லியே குற்றமாக்குகிறது. தண்டனை மூன்று ஆண்டுகள் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். அதனால் யாராவது ஆதாயம் அடைந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை அந்தப் பிரிவின் வாசகத்தில் இல்லை.

இரண்டு பெயர் இருப்பது மட்டும் குற்றமல்ல என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். பட்டாவில் முத்தம்மாள், ஆதாரில் முத்துலட்சுமி என்று இருந்தால், வழக்குரையின் முதல் பக்கத்திலேயே "முத்துலட்சுமி (எ) முத்தம்மாள்" என்று எழுதி, க/பெ அல்லது த/பெ விவரத்தையும் முகவரியையும் சரியாகக் கொடுத்துவிட்டால் சிக்கல் இல்லை. நேர்மையான எழுத்துப்பிழையை உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 153-ஆம் பிரிவின் கீழ் திருத்திக்கொள்ளலாம். வசதியான பெயரை மட்டும் காட்டி மற்றதை மறைப்பதில்தான் ஆபத்து தொடங்குகிறது. பழைய வழக்கோ கடனோ அந்த மறைத்த பெயரில் இருந்துவிட்டால், அது பிழை என்று யாரும் ஏற்க மாட்டார்கள்.

வாய் திறந்து சொன்னால்தான் பொய், பேசாமல் இருந்துவிட்டால் பொய்யில்லை என்ற எண்ணமே இவை எல்லாவற்றிலும் அதிக விலை கொடுக்க வைக்கும் தவறு என்பது என் கருத்து. சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து உச்ச நீதிமன்றம் சென்ற செங்கல்வராய நாயுடு எதிர் ஜெகந்நாத் வழக்கு இதற்கு நல்ல பாடம். தன் முதலாளிக்காக நீதிமன்ற ஏலத்தில் சொத்தை எடுத்த ஒருவர், அதில் தனக்கு உரிமை இல்லை என்று பதிவு செய்த விடுதலைப் பத்திரம் எழுதிக்கொடுத்திருந்தார். பிறகு அந்தப் பத்திரத்தைப் பற்றிப் பேசாமலே பாகப்பிரிவினை வழக்குப் போட்டு, பங்கு உரிமையை முடிவு செய்யும் முதல்நிலைத் தீர்ப்பாணையும் வாங்கிவிட்டார். முக்கியமான ஆவணத்தை மறைத்தது நீதிமன்றத்தின் மீதே செய்த மோசடி என்றும், மோசடியால் பெற்ற தீர்ப்பாணை சட்டத்தின் கண்ணில் இல்லாத ஒன்றே என்றும், அதை எந்த நீதிமன்றத்திலும் எந்தக் கட்டத்திலும் எதிர்க்கலாம் என்றும் 1993-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆண்டுக்கணக்கில் வாய்தாவுக்கு நடந்து பெற்ற தீர்ப்பு வெறும் காகிதமாகிவிடுவது சிறைத்தண்டனைக்குக் குறைந்த இழப்பல்ல.

ஜீவனாம்ச வழக்குகளில் இதே மறைப்பு வருமானத்தில் நடக்கிறது. 2020 நவம்பரில் ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில், இருதரப்பும் சொத்து, கடன் விவரங்களைப் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்வதை உச்ச நீதிமன்றம் கட்டாயமாக்கியது. அதில் பொய் இருந்தால் பொய்ச் சாட்சிய நடவடிக்கையும் நீதிமன்ற அவமதிப்பு நடவடிக்கையும் வரலாம் என்றும் கூறியது. சம்பளத்தைக் குறைத்துக் காட்டுபவர், வங்கிக் கணக்கு விவரம் வரவழைக்கப்படும் நாளை மறந்துவிடுகிறார்.

சாட்சிகளும் இதற்கு விலக்கல்ல. 2002 குஜராத் கலவரத்தில் ஒரு பேக்கரியில் பலர் கொல்லப்பட்ட பெஸ்ட் பேக்கரி வழக்கில் மாறி மாறி வாக்குமூலம் அளித்த முக்கியச் சாட்சிக்கு 2006 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அவமதிப்புக்காக ஓராண்டுச் சிறையும் 50,000 ரூபாய் செலவுத்தொகையும் விதித்தது.

எதிர்த்தரப்பு பொய் சொல்கிறது என்று தெரிந்தவுடன் காவல் நிலையத்துக்கு ஓடுவது இன்னொரு தவறு. பொய்ச் சாட்சியக் குற்றத்தில் பொதுவாக நீதிமன்றம்தான் எழுத்துமூலம் புகார் செய்ய வேண்டும் என்று பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்தில் வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 215-ஆம் பிரிவு சொல்கிறது. அதற்கான விசாரணையைக் கோரும் மனுவை 379-ஆம் பிரிவின் கீழ் அந்த நீதிமன்றத்திலேயே போட வேண்டும். நீதியின் நலனுக்கு அது தேவை என்று நீதிபதி கருதினால்தான் மேல் நடவடிக்கை. நீதிமன்றத்துக்கு வெளியே போலியாகத் தயாரித்துப் பிறகு தாக்கல் செய்த ஆவணத்துக்கு இந்தத் தடை பொருந்தாது என்று இக்பால் சிங் மார்வா வழக்கில் 2005-இல் முடிவாயிற்று. ஆகவே போலிப் பத்திரம் தாக்கல் செய்பவரைக் காவல்துறை நேரடியாகத் தேடி வரலாம். அதே சமயம், தேதி மாறிச் சொன்னதற்கும் மறதிக்கும் எல்லாம் 379 மனு போடுவது நம் வழக்கையே இழுத்தடிக்கும். வேண்டுமென்றே சொன்ன பொய், அதுவும் வழக்கின் மையத்தைத் தொடும் பொய் என்று காட்ட முடிந்தால் மட்டுமே அதில் இறங்கலாம்.

தாக்கல் செய்துவிட்ட பிரமாணப் பத்திரத்தில் தவறு இருப்பது பின்னர் தெரியவந்தால், குறுக்கு விசாரணைவரை காத்திருக்க வேண்டாம். எந்தப் பத்தியில் என்ன தவறு, அது எப்படி நேர்ந்தது, சரியான விவரம் என்ன, ஆதாரம் எது என்று எழுதிக் கூடுதல் பிரமாணப் பத்திரம் உடனே தாக்கல் செய்து, நகலை எதிர்த்தரப்புக்கும் கொடுத்துவிடுங்கள். உள்நோக்கம் இருந்ததா என்ற கேள்வி பிறகு எழும்போது, எதிர்த்தரப்பு கண்டுபிடிப்பதற்கு முன்பே நீங்கள் திருத்தினீர்கள் என்பதை அதில் விழுந்த நீதிமன்ற முத்திரையின் தேதி காட்டும்.