ஹட்டனில் செய்த கருவியை ஜெர்மனியில் விற்பதற்கு

எங்கள் அப்பா தேயிலைத் தோட்டத்து ஸ்டோரில், அதாவது தொழிற்சாலையில், கொழுந்து வாட்டும் மாடியில் வேலை செய்தவர். ஒரு பிடி இலையைக் கையில் இறுக்கி உருட்டி, விரலை விரித்துப் பார்த்தே பதம் சொல்லிவிடுவார். அவருக்காகத்தான் அந்தச் சின்னப் பெட்டியை முதலில் செய்தேன். கொழுந்துக்கு மேலே தொங்கிக்கொண்டு வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் அளக்கும், வயர் இல்லாமலே கீழே தேயிலை தயாரிப்பைக் கவனிக்கும் டீமேக்கரின் மேசைக்குச் சொல்லும். பிறகு ஜெர்மனியில் கண்ணாடிக் குடிலில் செடி வளர்க்கும் ஒருவர் 40 பெட்டி கேட்டார். சரி என்று சொல்லிவிட்டேன். அங்கே விற்க என்னென்ன வேண்டும் என்று தேடத் தொடங்கியது அதற்குப் பிறகுதான். நீங்கள் அப்படிச் செய்யாமல் இருக்கவே இதை எழுதுகிறேன்.

மின்சுற்றுப் போர்ட் வரைவதற்கு முன்பே நாட்டை முடிவு செய்யுங்கள். தூரம் போகும் குறைந்த சக்தி ரேடியோவுக்கு ஐரோப்பாவில் 868 மெகாஹெர்ட்ஸ் பக்கம் இடம் இருக்கிறது. அமெரிக்காவில் 902 முதல் 928 வரை. மீடிறன் (அதிர்வெண்) மாறினால் ரேடியோ மொடியூலும் அன்டெனாவும் மாறும். நம் இலங்கைத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அனுமதி இங்கே விற்கத் தேவை. ஆனால் அதைக் காட்டி வெளிநாட்டில் விற்க முடியாது.

ரேடியோ பகுதியை நீங்களே வடிவமைக்க வேண்டாம். ஏற்கெனவே பரிசோதித்த மொடியூலை வாங்குங்கள். அமெரிக்காவில் எஃப்சிசி (அந்நாட்டுத் தொடர்பு ஆணையம்) எண் உள்ள மொடியூல் என்றால், பெட்டியின் வெளியே அந்த எண்ணைக் குறித்து, உள்ளே இது இருக்கிறது என்று எழுதலாம். அன்டெனா மட்டும் அனுமதி வாங்கிய அதே வகையாக இருக்க வேண்டும். மீதிப் பகுதிக்கு இணக்க அறிவிப்பு எழுத வேண்டும். அதற்குப் பொறுப்பேற்க அமெரிக்காவிலேயே ஒருவர் தேவை. ஐரோப்பாவில் மொடியூலின் அறிக்கை உதவும், ஆனால் முழுப் பெட்டிக்கும் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான்.

ஐரோப்பாவில் விற்கும் கருவியில் இருக்க வேண்டிய சீஈ (CE) குறியை ஏதோ ஓர் அலுவலகம் முத்திரை குத்தித் தரும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். இந்த மாதிரிக் கருவிக்கு அப்படி இல்லை. 2014/53 என்ற ரேடியோக் கருவிச் சட்டத்துக்கும் 2011/65 என்ற நச்சுப்பொருள் சட்டத்துக்கும் பொருந்துகிறது என்று தயாரிப்பவரே கையெழுத்திட வேண்டும். கையெழுத்துக்குப் பின்னால் ஆதாரம் இருக்க வேண்டும். அதற்குத்தான் பரிசோதனை.

ஈயத்தில்தான் முதலில் மாட்டினேன். ரிப்பெயார் கடைகளில் நாம் பாவிக்கும் 60/40 ஈயப்பற்றில் நாற்பது வீதம் ஈயம். ஐரோப்பிய வரம்பு, பெட்டியில் உள்ள ஒவ்வொரு ஒருசீரான பொருளிலும் தனித்தனியே எடையில் 0.1 வீதம். ஏற்கெனவே பற்றவைத்திருந்த போர்ட்டுகளை ஒதுக்கிவிட்டு, வெள்ளீயம், வெள்ளி, செம்பு கலந்த கம்பிக்கு மாறினேன். அது ஏறத்தாழ 217 பாகையில் உருகும், பழையது 183இலேயே உருகத் தொடங்கும். அதனால் கை பழகச் சில நாள் ஆகும். பற்றவைக்கும் இரும்பின் முனையையும் தனியாக வையுங்கள், பழைய முனையில் ஈயம் ஒட்டியிருக்கும்.

ஆய்வுகூடத்துக்குப் போகும் முன் வீட்டில் ஒரு சுற்றுப் பார்த்துவிடுங்கள். எந்த மீடிறனில் எவ்வளவு அலை இருக்கிறது என்று காட்டும் கையடக்க அலைமாலை அளவி (spectrum analyser) ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். கோஏக்சியல் வயரின் நுனியை வளையமாக மடித்துப் பற்றவைத்தால் அதற்கு மோப்பக் கருவி தயார். கருவியை நிறுத்திவிட்டு முதலில் சுற்றுப்புறத்தைப் பாருங்கள். 88 முதல் 108 வரை எஃப்எம் நிலையங்கள் நிற்கும், அவை உங்களுடையவை அல்ல. அப்புறம் கருவியைப் போட்டுப் புதிதாக முளைப்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். இதை வைத்துத் தேர்ச்சி சொல்ல முடியாது, ஆனால் எங்கே கசிகிறது என்று தெரிந்துவிடும்.

நான் சோதனைக்குச் சென்னைக்குப் போனேன். தரமணியில் சமீர் நிறுவனத்தின் மின்காந்த மையம் இருக்கிறது, தனியார் கூடங்களும் உண்டு. எங்கே போனாலும் ஆய்வுகூடங்களின் தரத்துக்கான ஐஎஸ்ஓ 17025 அங்கீகாரம் இருக்கிறதா, அதில் உங்கள் சோதனையின் பெயர் இருக்கிறதா என்று கேளுங்கள். குறைந்தது நான்கு பெட்டி கொண்டுபோங்கள். விடாமல் அலை அனுப்பும் சோதனை மென்பொருள் ஒன்றில் இருக்கட்டும். விமானத்தில் லித்தியம் மின்கலங்கள் கைப்பையில் இருக்கட்டும். பற்றவைக்கும் இரும்பு, செம்பு நாடா, வயரில் மாட்டி அலையை அடக்கும் ஃபெரைட் வளையங்கள், கொஞ்சம் கொள்ளளவிகள் (capacitor) மறக்கவே கூடாது. கூடத்தில் மணிக்கணக்கில் பணம் ஓடும். அங்கேயே பழுது பார்த்தால்தான் மறுபடி விமானச் சீட்டு எடுக்காமல் தப்பலாம்.

சுழலும் மேசையில் பெட்டியை வைத்து, கூடத்தின் அன்டெனாவை 1 மீட்டரிலிருந்து 4 மீட்டர் வரை ஏற்றி இறக்கி, பெட்டியிலிருந்து கசியும் அலையை அளப்பார்கள். 48 மெகாஹெர்ட்ஸில் என் பெட்டி வரம்பைத் தாண்டியது. செயலிக்குத் துடிப்புக் கொடுக்கும் படிகம் 16 மெகாஹெர்ட்ஸ், அதன் மூன்று மடங்கு 48. உணரிக்குப் போகும் வயர் ஒன்றரை மீட்டர், அந்த அலையின் ஏறத்தாழக் கால் பங்கு நீளம். வயரே அன்டெனாவாகி நின்றது. போர்ட்டில் வயர் சேரும் இடத்தில் கொள்ளளவியும் வயரில் ஃபெரைட்டும் போட்ட பிறகு இறங்கியது. வெளியே நீளும் ஒவ்வொரு வயரையும் சந்தேகப்படுங்கள்.

அடுத்தது மின்பொறி. நிலைமின் சோதனையில் தொட்டு 4 கிலோவோல்ட், காற்றில் 8 கிலோவோல்ட். பொத்தான் இடுக்கு வழியாகப் பொறி உள்ளே போய்ப் பெட்டி உறைந்து நின்றுவிட்டது. வாட்டும் மாடியில் இரண்டு வருடம் ஒரு நாளும் அப்படி நின்றதில்லை. நம் மலையில் மூடுபனியும் ஈரமும். நிலைமின் தேங்கவே விடாது. சோதனையோ 30 முதல் 60 வீத ஈரப்பதத்தில் நடக்கும், ஜெர்மனியில் குளிர்காலத்தில் சூடேற்றிய அறை அதைவிட வறண்டிருக்கும். ஆகவே இங்கே நன்றாக ஓடுகிறது என்பதை ஆதாரமாக எடுக்காதீர்கள். பொத்தானுக்கு ரப்பர் உறையும், செயலி உறைந்தால் தானாக மீளத் தொடங்க வைக்கும் கண்காணிப்பு நேரக்கணிப்பியும் (watchdog) போட்டேன்.

இணையத்தோடு இணையும் பெட்டி என்றால் 2025 ஆகஸ்ட் 1 முதல் ஐரோப்பாவில் இணையப் பாதுகாப்பும் கட்டாயம். எல்லாப் பெட்டிக்கும் 1234 என்ற ஒரே கடவுச்சொல் போட்டு அனுப்பும் பழக்கத்தை விட்டுவிடுங்கள்.

காகிதம் கடைசியில் வருகிறது, ஆனால் லேசானது அல்ல. சுற்றுப் படம், பாகப் பட்டியல், அறிக்கைகள், ஆபத்து மதிப்பீடு, பயனர் கையேடு எல்லாம் ஒரே கோப்பில் 10 வருடம் இருக்க வேண்டும். கையேட்டில் மீடிறனையும் உச்ச சக்தியையும் எழுதுங்கள். சீஈ குறி 5 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. குறுக்குக் கோடு போட்ட குப்பைத்தொட்டிப் படம், உங்கள் முகவரி, அங்கே இறக்குமதி செய்பவரின் முகவரி எல்லாம் வேண்டும்.

தேர்ச்சி பெற்ற பெட்டி ஒன்றை ஒட்டி மூடி அலமாரியில் வையுங்கள். ஒரு பாகம் கடையில் கிடைக்காமல் வேறு பாகம் போட நேரும்போது, மோப்ப வளையத்தை எடுத்து முதலில் அந்தப் பெட்டியையும் பிறகு புதியதையும் அளந்து பாருங்கள். வித்தியாசம் தெரிந்தால் மறுபடியும் கூடத்துக்குத்தான் போக வேண்டும்.