பெரிய டயர் போட்ட பிக்கப், முன்பக்கம் உரசிய கதை

வேலூர் மாவட்டத்துப் பீஞ்சமந்தை மலைப்பாதைக்காக என் பிக்கப்பில் 215/75 ஆர்15 டயரை மாற்றி 235/75 ஆர்15 போட்டேன். விட்டம் 30 மி.மீ. கூடியது. அன்றைக்கே வேலூர் கிரீன் சர்க்கிள் பக்கம் ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்ததும் கரகரவென்று உரசல்.

மட்ஃப்ளாப்பை வெட்டினேன், பலனில்லை. அப்புறம் காட்பாடி மெக்கானிக் அண்ணன் முன்பக்க ஸ்பிரிங்காக வேலை செய்யும் டார்ஷன் பார் கம்பியின் போல்ட்டை இரு பக்கமும் நன்றாக முறுக்கி முன்பக்கத்தைத் தூக்கினார். உரசல் குறைந்தது, ஆனால் சிறு பள்ளத்துக்கே டங்கென்று அடித்தது. சக்கரத்தைப் பிடித்திருக்கும் மேல் ஆர்ம், அது அளவுக்கு மேல் கீழே இறங்காமல் தடுக்கும் ரீபவுண்ட் ரப்பரில் ஒட்டி நின்றிருந்தது. சக்கரம் கீழே இறங்க இடமே இல்லை. சக்கரங்களின் கோணம், அதாவது அலைன்மெண்ட்டும் கெட்டது. நான்கு நாள் போச்சு.

சரி, முதலிலிருந்து என்று அந்த இரண்டு போல்ட்டையும், முறுக்கியதில் பாதிக்கு மேல் தளர்த்தினோம். ஜாக்கியில் நிற்கும்போது எடுத்த உயர அளவு பொய். இறக்கி, பத்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டு, சமதளத்தில் சக்கரத்தின் நடுவான ஹப் மையத்திலிருந்து அதற்கு மேலுள்ள ஃபெண்டர் விளிம்பு வரை அளக்க வேண்டும். டிரைவர் பக்கம் 8 மி.மீ. தாழ்ந்திருந்தது, சரிசெய்தோம்.

மீதி உரசலைத் தீர்த்தது ஒரு சின்ன போல்ட். சக்கரத்தோடு சேர்ந்து திரும்பும் நக்கிளில் இருக்கும் ஸ்டியரிங் ஸ்டாப்பர்; சக்கரம் எவ்வளவு ஒடியலாம் என்று தடுத்து நிறுத்துவது. லாக் நட்டைத் தளர்த்தி, இரு பக்கமும் சமமாக 3 மி.மீ. வெளியே எடுத்தோம். வண்டி திரும்பும் வட்டம் கொஞ்சம் பெரிதானது, அவ்வளவுதான். அலைன்மெண்ட்டைக் கடைசியில்தான் பார்த்தோம். இப்போது மலையில் சத்தமே இல்லை, நிம்மதி.